விட்டுப்போன இயந்திரம்

ஹைட்ரஜன் வாயுவைக் குழாய் வழியே தள்ள எந்த வகை கம்ப்ரசர் மலிவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. ஒன்று பிஸ்டன் வகை, மற்றது சுழல் வகை. பிஸ்டன் வகையில் வால்வுகள் சீக்கிரம் தேயும். பழுதுபார்க்க நிறுத்தும்போது ஓட்டுவதற்கென்று கூடவே ஒரு ஸ்பேர் இயந்திரமும் வாங்கியாக வேண்டும். பல வருஷமாக இதே பிழைப்பில் இருக்கும் எனக்கு இது தெரியாததல்ல.

கணக்குப் போட்டவள் என் கீழே வேலை பார்த்த திருச்சிப் பெண். இந்த நாட்டில் வேலை செய்ய அவளுக்கிருந்த அனுமதி முடிய மூன்று மாதம் இருந்தது. அவள் கணக்கில் சுழல் வகைதான் மலிவு. மேலாளருக்கோ பிஸ்டன் மேல் கண். எனக்குப் பதவி உயர்வின் மேல் கண். ஜாலான் புசார் காப்பிக்கடையில் மதியம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"அந்த ஸ்பேர் மிஷின கணக்குலேர்ந்து எடுத்துடு லா."

"எடுத்தா பிஸ்டன் சீப்பா தெரியும்க்கா. ரிப்போர்ட்ல ஒரு நோட் போட்டுடவா?"

"நோட் எல்லாம் வேணாம். நான் சொல்றேன்ல."

எடுத்துவிட்டாள். மின்னஞ்சலில் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கலாம். அக்கா சொன்னதை எழுத்தில் கேட்பது மரியாதையில்லை என்று விட்டிருப்பாள். அந்த மரியாதை எனக்கு வசதியாகப் போயிற்று.

வாடிக்கையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பேரை விட்டது யார் என்று மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து காகிதத்தைப் புரட்டினேன்.

"மை மிஸ்டேக், சார்," என்றாள்.

அவள் அனுமதியைப் புதுப்பிக்க நிறுவனம் விண்ணப்பிக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

கடைசி வாரம் என் மேசைக்கு வந்தாள். "வேற கம்பெனில ரெபரன்ஸ் லெட்டர் கேக்குறாங்க. நீங்க குடுப்பீங்களாக்கா?"

குரலில் துளி கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று இரவு பொங்கோலில் இருக்கும் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கவனமானவள், நேர்மையானவள், கணக்கில் கெட்டி என்று ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்தேன். பிழை என்னுடையது என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் அவள் அதை நின்றபடியே படித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.