கேற்றுக்கு வெளியே முதற்பாடம்

கேற்றை இழுத்து மூடிய கையோடுதான் அந்த யோசனை வந்தது. மூடுவது என் வேலை. இந்த வருடம் நான் மாணவத் தலைவி. காலை மணி அடித்ததும் பூட்டிவிட்டு, பிந்தி வருகிறவர்களை இரண்டாம் பாடம் வரைக்கும் வெளியே நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது எப்போதோ தொடங்கிய வழக்கம். அன்றைக்கு வெளியே நின்றவர்கள் தூரத்து இறக்கக்கண்டி ஊர்ப் பிள்ளைகள். என்றைக்கும் அவர்கள்தான். அவர்களுக்குக் காலையில் இங்கே வர இருப்பது ஒரே பஸ். அது நேரத்துக்கு வந்து நான் கண்டதில்லை.

மதில் இடிந்த பக்கத்தால், எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று ஆறுதலாக உள்ளே போனது. வெளியே நின்ற பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் மானாப் பிறந்திருந்தா முதற்பாடத்துக்கு இருந்திருப்பன் அக்கா."

"என்ன பாடம்?"

"கணக்கு. கிழமை முழுக்க முதற்பாடம் கணக்குத்தான். நான் எங்க படிச்சனான்? உங்கட கேற்றைப் பாத்துக்கொண்டு நிண்டதுதான்."

சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சுட்டது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் அவளுக்கு உயர்தர வகுப்பு இல்லை. கேற்றின் மேற்பாதி கம்பி; கீழ்ப்பாதியின் வெளிப்பக்கம் கறுப்புப் பூச்சடித்த தகரம். ஓடிப்போய் வெண்கட்டி எடுத்துவந்து அதிலேயே ஒரு சமன்பாட்டை எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எழுதினோம், மாணவத் தலைவர்கள் முறை வைத்து. தவணைப் பரீட்சையில் அவள் முதன்முறையாகக் கணிதத்தில் சித்தியடைந்தாள்.

பரிசளிப்பு விழாவில் அதிபர் வருட அறிக்கை வாசித்தார். வலைப்பந்தில் மாகாண வெற்றி, புதிய வாத்தியக் குழு, மாணவர்கள் கூடிச் செய்த கடற்கரைத் துப்புரவு. எல்லாம் உண்மை, நானும் கை வலிக்கத் தட்டினேன். பிறகு, "பிந்தி வரும் மாணவர்களிடையே ஒழுக்கத்தை வளர்க்கும் புதிய திட்டம்" என்றார். திரையில் எங்கள் கேற். அதன் முன்னால் அவளுடைய முதுகு. பிரதம விருந்தினர் பலமாகத் தட்டினார்.

ஒழுக்கமா? இருட்டோடு எழும்பி, றோட்டில் காத்து நின்று, மிதிபலகையில் தொங்கி வருகிற பிள்ளைக்கு என்ன ஒழுக்கம் குறைந்துவிட்டது? பஸ்ஸுக்கல்லவா அதைப் படிப்பிக்க வேண்டும்!

மறுநாளே அதிபரிடம் போனேன்.

"சேர், அந்த பஸ் வருமட்டும் கேற்றைப் பூட்டாம விடுவம்."

"ஏலாது பிள்ளை. பிறகு பக்கத்தில பாலையூற்றில இருந்து நடந்து வாறவையும் பிந்துவினம். அதோட, நீங்கள்தான் வெளியில வடிவாப் படிப்பிக்கிறீங்களே! பிறகென்ன?"

பிறகென்னவாம்! அவள் வகுப்பை இழக்கக் கூடாதென்று எழுதினேன். அவளை வெளியே வைத்திருக்க அதையே காரணமாக்கிவிட்டார்கள். என் வெண்கட்டியே அந்தக் கேற்றுக்கு இரண்டாவது பூட்டு. மாரி தொடங்கினால் நனைந்த தகரத்தில் ஒரு எழுத்தும் நிற்காது. பரீட்சை மழைக்காகத் தள்ளிப் போகாது.

மற்ற மாணவத் தலைவர்களைக் கூட்டிக் கதைத்தேன். வருகிற திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் நாங்கள் அத்தனை பேரும் இறக்கக்கண்டிக்குப் போகப் போகிறோம். அவளோடு, அவளுடைய பஸ்ஸிலேயே திரும்பி வரப் போகிறோம். அவளிடம் சொன்னபோது, "சீற் கிடைக்காது, நிண்டுதான் வரோணும், சொல்லிப்போட்டன்" என்றாள்.

ஓம், நின்றே வருகிறோம். கேற்றை மூட வேண்டிய கைகளெல்லாம் அந்த பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, யார் வந்து மூடுகிறார்களென்று பார்ப்போம்.