அகலமான பெடல்

என் அலமாரியில், புடவைகளுக்குக் கீழே, ஒற்றைச் சைக்கிள் பெடல் ஒன்று கிடக்கிறது. அகலமான இரும்புப் பெடல், ஓரமெல்லாம் பல். வெளி விளிம்பு மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. எழுபதுகளில் என் அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணன் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தான். மேட்டிலிருந்து பால் நிறைந்த தோம்புகளை, அந்தப் பெரிய தகர வாளிகளை, சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மண் சரிவில் இறங்க வேண்டும். செருப்பில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய பெடலும் ரப்பர் கட்டைதான். மழையில் இரண்டும் நனைந்தால் கால் நிற்காது. ஒருநாள் வழுக்கி, கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். அந்த வாரமே டவுன் கடையில் குறுகலானதை ஒதுக்கிவிட்டு, இருந்ததிலேயே அகலமானதைப் பொறுக்கி மாட்டினான். "இப்ப காலு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது லா" என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டான்.

கால் நின்றது, உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த இடப்பக்க வளைவில் சைக்கிள் பாரத்தோடு சாயும்போது, பழைய பெடல் தொடாத பாறையை இது தொட்டது. 'கர்ர்' என்று ஒரு சத்தம். நாளாக ஆக விளிம்பு பளபளத்தது. சொன்னால் சிரிப்பான். "சும்மா உரசுது. பயமா இருந்தா காதப் பொத்திக்க, புள்ள." போகப் போக நாங்களும் பழகிவிட்டோம், அதுதான் கொடுமை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த அண்ணி, அந்தச் சத்தம் கேட்டதும், அவன் வந்துவிட்டான் என்று சோறு வடிக்க எழுந்துவிடுவாள்.

ஒரு மழைநாள் முற்பகலில் சத்தம் கேட்டது. அண்ணி பானையைச் சாய்த்தாள். பின்னாலேயே தோம்புகள் உருளும் சத்தமும் கேட்டது. நாங்கள் ஓடிப் போனபோது செம்மண்ணில் பால் வெள்ளையாகப் பரவியிருந்தது. பெடல் பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. அண்ணனிடம் அசைவே இல்லை.

எண்பதுகள் முடியப் போகின்றன. தோட்டத்தை விட்டுக் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அந்தக் கைக்குழந்தைக்கு மீசை அரும்பிவிட்டது. மவுண்டன் பைக் ஒன்று வாங்கி, சுண்ணாம்பு மலையடிவாரத்துச் சரிவுகளில் இறங்குகிறான். நேற்று அதன் புதுப் பெடலைத் தடவிப் பார்த்தேன். இடப்பக்க விளிம்பில் அதே பளபளப்பு. அலமாரியைத் திறந்து, அவன் அப்பாவின் பெடலை எடுத்துக் கையில் கொடுத்தேன். நடந்தது அவனுக்குத் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பெடலோடு ஒட்டி வைத்துப் பார்த்தான்.

"என்னோடது இன்னும் அகலம் லா, அத்த" என்றான் பெருமையாக.

ஏறிப் போய்விட்டான். உள்ளே அண்ணி, வடிக்க எடுத்த பானையைப் பிடித்தபடியே, தெருமுனை வளைவிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.