காலடியைக் காட்டும் வளையம்

காதால் கேட்க வேண்டியதை ஒருத்தி கண்ணால் பார்த்துக்கொண்டால் அது கள்ள விளையாட்டாகுமா?

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நஸீர் நானாவின் போன் கடையில் வைத்து, அவருடைய மகன் சிப்னாஸ் இதை என்னிடம் கேட்டான். வடிவக்காவின் போன் அவன் கையில் இருந்தது. வடிவக்கா எங்கள் இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் போனில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வடிவக்காவின் முழுப்பெயர் சண்முகவடிவு. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. நடுவில் ஒரு சுவர்தான். சின்ன வயதில் காதில் சீழ் வைத்து, வைத்தியம் பிந்தியதில், அவளுக்கு வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது பக்கம் நெருங்கி நின்று பேசினால் பாதி விழும். மீதியை எங்கள் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அவள் நாடகம் பார்க்க டிவியை வைத்தால் லயத்தில் வேறு யாரும் டிவி போடத் தேவையில்லை. எங்கள் அம்மா அடுப்படியில் நின்றபடியே அந்த நாடகம் முழுவதையும் கேட்டுவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில்தான் இருந்தாள். ஆனால் ஆசிரியர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்தினால் அவளுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு தலவாக்கலையில் ஒரு தையல் கடைக்குப் போகிறாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடை. பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தெரியாதவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அவளிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தால், சொல்பவர்களுடைய குரலில் ஒரு சலிப்பு வரும். அந்தக் குரல் கேட்காவிட்டாலும் அந்த முகம் அவளுக்குத் தெரியும்.

போனில் விளையாடத் தொடங்கிய பிறகுதான் அவள் அதிகம் பேசினாள் என்று நினைக்கிறேன். நான்கு பேர் ஓர் அணியாக ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை சாகாமல் நிற்க வேண்டிய விளையாட்டு அது. வடிவக்காவோடு நான், கீழ்கணக்கு மதுரன், சிப்னாஸ். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் இருக்கவும் முடியாமல் வேலைக்குப் போகவும் தெரியாமல் திரிந்துகொண்டிருந்த காலம். வடிவக்காவுக்காக நாங்கள் மைக்கில் பேசாமல் எழுதியே விளையாடினோம். அங்கே யாரும் அவளிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘மேல்கணக்கு வடிவு’ என்று பெயர் போட்ட அவளுடைய கணக்கில் மட்டக்களப்பு, கண்டி என்று எங்கெல்லாமோ நண்பர்கள் சேர்ந்தார்கள். அவளுக்குக் காது கேட்காது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு குறைதான் இருந்தது. அந்த விளையாட்டில் எதிரி பின்னால் வருவதைக் காலடி ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் எப்போதும் முதுகில் சுடப்பட்டே செத்தாள்.

கொழும்பில் வேலை செய்யும் அவளுடைய மாமா மகன் திலக்ஷன் தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்திருக்கிறான். அவளுடைய போனில் ஒரு சின்னச் செயலியை ஏற்றிக்கொடுத்தான். விளையாட்டை உருவாக்கிய கம்பெனி செய்ததல்ல, யாரோ வெளியாட்கள் செய்தது. திரையின் நடுவில் மெல்லிய வளையம் ஒன்று வரும். எந்தப் பக்கம் காலடி கேட்கிறதோ அந்தப் பக்கம் வளையம் சிவக்கும். இப்படிச் செய்யலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவன் கொழும்புக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவளை யாராலும் பின்னால் வந்து பிடிக்க முடியவில்லை. பழகப் பழக வந்த திறமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் ஹட்டனில் ஓர் இளைஞர் கழகம் போட்டி வைத்தது. வெளியாட்கள் செய்த எந்தச் செயலியும் போனில் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் அணியின் தலைவன் சிப்னாஸ் போட்டிக்கு முன் எல்லாருடைய போனையும் வாங்கிப் பார்த்தான். அப்படித்தான் வளையம் வெளியே வந்தது.

“ஒங்கட போன்ல இது எப்பிடி வந்த?” என்று அவளுக்கு நேராக முகத்தை வைத்து மெதுவாகக் கேட்டான். “தெரிஞ்சா நாலு பேரையும் வெளிய போடுவாங்க. அத விடுங்க. கம்பெனிக்காரன் ஒங்கட கணக்க ஒரேயடியா மூடிருவான், அக்கா. திரும்பத் தொறக்கவே ஏலாது.”

பிறகுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மதுரன் ஒரு வழி சொன்னான். சோதிக்கும்போது செயலியை அணைத்துவைத்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாமாம். சொல்லும்போது அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். அதனால் என்ன பயன்? அவனுடைய கண்ணைப் பார்த்தே வடிவக்கா விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

“ஒளிச்சி வச்சி வெளையாடணும்னா எனக்கு வேணாம். நான் ஜெயிச்சாலும் அந்த வளையந்தான் ஜெயிச்சிச்சின்னு எனக்குள்ளயே இருக்கும்” என்றாள்.

கடையிலேயே அந்தச் செயலியை அழித்தாள். பிறகு பழகிப் பார்த்தோம். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதுகில் குண்டு. மறுபடியும் அதேதான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அந்த வளையத்தைப் போட்டுக்கொள்ள விடுவார்களா என்று போட்டிக்காரர்களிடம் நேரே போய்க் கேட்க வேண்டும் என்றாள்.

“கேட்டு இல்லன்னா வந்துர்றேன். கேக்காமலே இல்லன்னு நெனச்சிக்கிட்டு வீட்டுல இருக்க ஏலாது, புள்ள.”

ஹட்டனுக்கு பஸ் ஏறினோம். கொட்டகலையில் மழை பிடித்தது. கேட்டவுடன் அவளுடைய பெயரை எழுதி கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான் நான் யோசித்துக்கொண்டு போனேன். அந்தக் கணக்கு போய்விட்டால் அவள் திரும்பவும் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வடிவக்காவாகிவிடுவாள் என்று தோன்றியது.

மண்டபத்தில் போன்களைச் சோதிக்கும் மேசையில் பிரியந்தி என்ற பெண் இருந்தார். எங்களைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியதால் முகக்கவசம் போட்டிருந்தார். அவர் பேசத் தொடங்கியதும் வடிவக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத கொஞ்சம் கீழ எறக்குறீங்களா? உங்க வாயப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்.”

பிரியந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறக்கினார். வடிவக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. திலக்ஷன் ஏற்றியது, அவள் அதை வைத்து விளையாடியது, இப்போது அழித்திருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். பிரியந்தி முழுவதையும் கேட்டார். வெளியாட்களின் செயலிக்கு யாருக்காகவும் இடம் கொடுக்க முடியாது என்றார். வடிவக்கா தலையை ஆட்டினாள். போனை எடுத்துப் பையில் வைக்கப் போனாள்.

“ஆனா காலடி சத்தத்த காட்டுற வசதி வெளையாட்டுக்குள்ளயே இருக்கே” என்றார் பிரியந்தி. “காது கேக்காதவங்களுக்குன்னு கம்பெனியே வச்சிருக்காங்க. நீங்க ஏன் வெளிய போய்த் தேடுனீங்க?”

எனக்கு முதலில் புரியவில்லை. வடிவக்கா திரும்பச் சொல்லச் சொன்னாள். பிரியந்தி சலிக்காமல் திரும்பச் சொன்னார். பிறகு போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய்த் தேடினார். அங்கே அது இல்லை. முகத்தைச் சுளித்தார். என்னுடைய போனைக் கேட்டார், அதிலும் இல்லை. மதுரனுடையதிலும் இல்லை. இந்த விளையாட்டை எங்கிருந்து இறக்கினீர்கள் என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அதை யாரும் தனித்தனியாக இறக்குவதில்லை. லயத்தில் சிக்னல் ஒழுங்காக நிற்காது. சிப்னாஸ் கடை வைஃபையில் இறக்கி வைப்பான். மதுரன் டவுனுக்குப் போய் வாங்கி வருவான். அவனுடைய போனிலிருந்து எனக்கு, என் போனிலிருந்து வடிவக்காவுக்கு, அவளிடமிருந்து லயத்துக்கு லயம். புதுப் பதிப்பு வந்தாலும் அதே வழிதான். கோயில் பொங்கல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரி அது போய்க்கொண்டே இருக்கும். முதல் பானை எங்கே வைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

சிப்னாஸ் மெதுவாகச் சொன்னான். கைமாற்ற வசதியாக இருக்கட்டும் என்று, ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து ‘சின்ன சைஸ்’ ஒன்றை அவன் எடுத்திருக்கிறான். அளவைக் குறைப்பதற்காக யாரோ முன்பின் தெரியாதவர்கள் விளையாட்டின் சில பகுதிகளை வெட்டி எறிந்திருக்கிறார்கள். வெட்டியதில் ஓசையைக் காட்டும் வசதியும் போயிருக்கிறது. வடிவக்காவிடம் இருந்தது ஒரு சின்ன வளையம்தான். எங்கள் நான்கு பேரிடமும் விளையாட்டு முழுவதுமே வெளியாட்கள் கை வைத்தது.

“என்ன தலைவரே, இப்ப யார வெளிய போடுறது?” என்றான் மதுரன்.

சிப்னாஸ் தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அவன் காது சிவந்துபோயிருந்தது.

இப்படிப்பட்ட காப்பியில் விளையாடுகிறவர்களுடைய கணக்கையும் கம்பெனி மூடுவதுண்டு என்று பிரியந்தி சொன்னார். மூடிவிட்டார்களா இல்லையா என்பது சரியான விளையாட்டை ஏற்றித் திறந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஆட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, மண்டபத்து வைஃபையைக் கொடுத்தார். நான்கு பேரும் பழையதை அழித்தோம். வடிவக்கா அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அழுத்தினாள்.

இறங்கி முடிய நெடுநேரம் எடுத்தது. சிப்னாஸுடையது முதலில் திறந்தது. பிறகு மதுரனுடையதும் என்னுடையதும். வடிவக்காவின் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அவளைவிட முன்னால் நாங்கள்தான் பார்த்தோம். ‘மேல்கணக்கு வடிவு’. நண்பர்கள், வென்றவை, தோற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் முகத்தில் அதை வாசித்துவிட்டு அப்புறம்தான் அவள் குனிந்து பார்த்தாள். அப்படியே நாற்காலியில் சாய்ந்து, ஈரமாயிருந்த கையைச் சுரிதாரில் துடைத்தாள். பசிக்கிறது என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

பிரியந்தி அமைப்புகளைத் திறந்து அந்த வசதியைப் போட்டுக்கொடுத்தார். மதுரனின் ஆள் அவளுடைய ஆளைச் சுற்றி நடந்தான். அவன் போகும் பக்கமெல்லாம் திரையில் ஒரு கீற்று எரிந்து அணைந்தது. வடிவக்கா சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

நான் அந்தக் கேள்வியைப் பிரியந்தியிடம் கேட்டேன். இந்தக் கீற்றை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், நீங்களும் போடலாம், அதனால் இது கள்ளமில்லை என்றார். அந்த வளையம் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் பிழையாம். நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு அது தொந்தரவாக இருந்ததால் நிறுத்திவிட்டேன்.

போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றோம். முதலில் செத்தவன் மதுரன், கடைசியாகச் செத்தவள் வடிவக்கா. இந்த முறை முன்னாலிருந்து சுட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. திரும்பி வரும் பஸ்ஸில் சிப்னாஸ் அவளுக்கு நேராக உட்கார்ந்து, “மன்னிச்சிருங்க அக்கா” என்றான். என்ன சொன்னாய் என்று அவள் கேட்டாள். அவன் திரும்பச் சொன்னான். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை சொன்ன பிறகுதான், அவளுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது.

இப்போது சிப்னாஸ் தன் கடையில், லயத்துப் பிள்ளைகள் வந்து சரியான விளையாட்டை இறக்கிக்கொள்ள வைஃபை கொடுக்கிறான். வடிவக்கா தையல் கடை விட்டதும் விளையாட வருகிறாள். மட்டக்களப்பு நண்பர்களிடம் தனக்குக் காது கேட்காது என்று எழுதிவிட்டாளாம். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அவளைப் போலவே கேட்காதாம்.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காது சரியாகக் கேட்காத, கண் சரியாகத் தெரியாத யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் செய்த எதையாவது ஏற்றிக்கொண்டு, என்றைக்குக் கணக்கு மூடப்படுமோ என்று பயந்துகொண்டும் இருப்பார்கள். அவர்களுக்கு வடிவக்காவின் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.