கூரையில் இருந்த சோலார் யாருடையது?

ஒரு சின்ன சோலார் கம்பனியின் பங்குகளை வாங்க என் கணவரும் கூட்டாளிகள் மூவரும் எங்கள் கல்முனை வீட்டில் கூடியிருந்தார்கள். கம்பனியிலிருந்து வந்த முகவர் ஒரு நோட்டீசில் மாவடிப்பள்ளி அரிசி ஆலையொன்றின் கூரையில் இருந்த சோலார் தகடுகளின் படத்தைக் காட்டினார்.

"இது எங்கட கம்பனி போட்டது. இண்டைக்குள்ள முடிவு சொல்லணும்" என்றார்.

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டீசோடு ஆட்டோவில் அந்த ஆலைக்கே போனேன்.

ஆலை முதலாளி படத்தைப் பார்த்துத் திகைத்தார். "தங்கச்சி, இது நான் போட்ட சோலார். கரண்ட் பில்லும் என்ட பேர்லதான் வருது. இப்படியொரு கம்பனிய நான் கேள்விப்பட்டதே இல்ல."

உடனே கணவருக்கு அழைத்தேன். மூன்று தடவை அவர் எடுக்கவில்லை. நான்காவது தடவைதான் எடுத்தார்.

"செக் குடுத்திட்டீங்களா?"

"இல்ல, இப்பதான் எழுதுறன்."

"அல்லாஹ்வுக்காக எழுதாதீங்க! அது பொய்க் கம்பனி."

நான் வீடு திரும்பியபோது முகவர் போய்விட்டிருந்தார். எங்கள் செக் தப்பியது. ஆனால் கூட்டாளி ஒருவர் காலையிலேயே காசு கொடுத்திருந்தார். முகவரின் தொலைபேசி இன்றுவரை வேலை செய்யவில்லை.

இப்போது யார் எந்தக் கம்பனியைப் பற்றிச் சொன்னாலும், அந்த இடத்துக்கே போய், கரண்ட் பில் யார் பெயரில் வருகிறதென்று பார்த்த பிறகுதான் மற்றக் கதை.