அக்கா அவித்த குஸ்குஸ்

அக்கா காலமாகி முப்பத்தோராம் நாளான இன்று எங்களோடு வந்து இருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கைகூப்பிய வணக்கம். முறைப்படி நினைவு மலரின் இந்த இடத்தில் செய்யுள் இருக்கவேண்டும். எனக்குச் செய்யுள் வராது. அக்காவின் ஒரே தங்கை என்ற உரிமையில் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரியில், தபாற்கந்தோரில் வேலை பார்த்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு வருடம் கணித ஆசிரியையாக இருந்தார். மணமானதும் வேலையை விட்டுவிட்டு, பொறியியலாளரான அத்தானோடு லிபியாவுக்குப் போனார். அத்தானுக்கு அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை.

எட்டு வருடம் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் அக்கா குஸ்குஸ் பழகினார். கோதுமை ரவைக்குத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, புட்டைப் போலவே ஆவியில் அவிப்பது. கீழ்ப்பானையில் ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் பூசணியும் கொதிக்க, அந்த ஆவியில் மேலே ரவை வேகும். செத்தல் மிளகாயை ஊறவைத்து, உள்ளிப்பூண்டும் சீரகமும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்து அரைக்கும் ஹரிசா என்ற சம்பலும் பழகினார். அத்தானுக்கு அது உயிர். அக்காவுக்கோ அந்த மணமே பிடிக்காது.

காரணம் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. அம்மா இறந்தபோது இருவருடைய கடவுச்சீட்டுகளும் வேலை கொடுத்தவர்களிடம் இருந்தன. கெஞ்சிக் கேட்டு அவை கைக்கு வருவதற்குள் ஊரில் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவே முடிந்துவிட்டது. செய்தி வந்த அன்றும் அக்கா அத்தானுக்குச் சமைத்திருக்கிறார். "அடுப்புக்கு முன்னால நிண்டு அழுதனான். அந்த ஆவி முகத்தில அடிச்சுக்கொண்டே இருந்தது" என்று ஒருநாள் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் நியூசிலாந்துக்கு, ஒக்லாந்துக்கு வந்தார்கள். நானும் என் கணவரும் முன்பே இங்கே மங்கரேயில் இருந்தோம். அத்தானின் பட்டம் இங்கே செல்லவில்லை. விமான நிலையத்துச் சரக்குக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். மனுரேவாவில் சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அக்கா மறுபடியும் படிப்பிக்க ஆசைப்பட்டு ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்க, அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது.

வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தமிழும் போய்விட்டது. மிஞ்சியவை லிபியாவில் பழகிய சில அரபுச் சொற்கள். தண்ணீருக்கு "மையா", பாண் ரொட்டிக்கு "ஹுப்ஸா". ஏன் இப்படி என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. சோறு, புட்டு, இடியப்பம், எதைத் தீத்தினாலும் துப்பினார். ஐந்தாம் நாள் அக்கா இடியப்பச் சட்டியில் ரவையை அவித்தார். அத்தான் கோப்பையைக் காலிசெய்தார்.

அதன்பிறகு ஐந்து வருடம், நாள் தவறாமல் குஸ்குஸ். அக்கா கண்ணில் படாவிட்டால் அத்தான் கத்துவார். நல்ல கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். குளிக்கும்போதும் அக்கா கதவைத் திறந்தே வைத்தார். டெயரி என்ற மூலைக்கடைக்குப் போய்ப் பால் வாங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்ப எட்டு நிமிடம். அதற்கு அப்பால் அவருக்கு ஊரில்லை. பராமரிப்பு இல்லத்தில் விடலாம் என்று வீட்டுக்கு வரும் தாதி சொன்னபோது, "சனம் என்ன கதைக்கும்?" என்றோம், உறவினர் எல்லோரும், நானும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அக்கா கையால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டு வீடு தள்ளி ஹலீமா குடிவந்தார். சோமாலியாவிலிருந்து அகதியாக வந்தவர், அரபு தெரிந்தவர். ஒருநாள் வீதியால் போகும்போது குசினி மணத்தையும் "மையா, மையா" என்ற குரலையும் கேட்டுக் கதவைத் தட்டினார். அத்தானின் பக்கத்தில் இருந்து அரபில் கதைத்தார். அன்று அத்தான் கத்தவில்லை. மறுநாள், புளித்த மாவில் எங்கள் அப்பம் போலத் துளைவிடச் சுட்ட ரொட்டியும், ஏலமும் கறுவாவும் மணக்கும் இறைச்சிக் குழம்பும் கொண்டுவந்தார்.

"ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனடி" என்று அக்கா ஃபோனில் சொன்னார். "எனக்கெண்டு ஆரும் சமைச்சு எத்தினை வருசம்!"

சில கிழமைகளின் பின் ஹலீமா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அக்காவிடம் சொன்னார்: "வியாழக்கிழமை நான் இருக்கிறேன். இரண்டு மணி நேரம். நீ வெளியே போ."

"எங்க போறது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

போக இடம் தெரியாமல், மனுரேவாவில் ரெயில் ஏறி ஒடாஹுஹுவில் இறங்கி, அடுத்த ரெயிலில் திரும்பி வருவார். கடை கண்ணிக்குப் போவதில்லை. யன்னலோரம் இருப்பது மட்டும்தான்.

மழைக்கால வியாழன் ஒன்றில் அக்கா திரும்பி வரவில்லை. நான்கு மணிக்கு ஹலீமா ஃபோன் செய்தார். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அத்தான் தொண்டை கட்டும்வரை அழுதிருந்தார். ஆறரைக்கு அக்கா நனைந்தபடி உள்ளே வந்தார்.

"எங்கயக்கா போனனீங்கள்?"

"ஒடாஹுஹுவில இறங்கேல்ல. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனன். பிறகு நடந்துபோய்க் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"அத்தான் இஞ்ச கத்திக்கொண்டு கிடக்கிறார். உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?"

அக்கா ஈரக் கோட்டின் தெறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "திரும்பி வராமல் விட்டா என்ன எண்டு யோசிச்சனான், பிள்ளை. வந்திட்டன்தானே" என்றார். குசினிக்குள் போய் ரவையை எடுத்தார்.

நான் பின்னாலேயே போய் இன்னும் ஏசிப் பேசினேன். உறவினர் இருவரிடம் சொல்லி அவர்களையும் பேச வைத்தேன். அடுத்த வியாழன் ஹலீமா வந்தபோது, "வேண்டாம்" என்று அக்கா தலையாட்டினார். அதன்பிறகு ஒருநாளும் போகவில்லை.

மார்பில் கட்டி இருப்பது அவருக்கு அப்போதே தெரியும். நாங்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று அழுதேன். "ஆஸ்பத்திரியில படுத்தா இவருக்கு ஆர் அவிக்கிறது?" என்றார்.

கடைசி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தானைப் பற்றி ஒருதரமும் கேட்கவில்லை. தட்டில் வரும் உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் ஆறுதலாக, முழுவதும் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டைக் குறைசொன்ன என்னை, "ஆரோ சமைச்சுத் தருகினம், பேசாமல் இரு" என்று அடக்கினார். ஒரு காலையில், தாதி தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அமைதியாகப் போய்விட்டார்.

அத்தான் இப்போது எங்கள் வீட்டில். வேலையை விட்டுவிட்டு நான் அவிக்கிறேன். ரவை கட்டிப்படுகிறது. ஹலீமா இரண்டு பஸ் மாறி வந்து உருட்டக் காட்டித் தருகிறார்.

அக்காவைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், ஈமக்கிரியைகளைச் செய்வித்த ஐயருக்கும், இன்றைய மதிய உணவைச் சமைத்த கைகளுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹலீமாவுக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத அவர், அக்காவைப் பற்றி என்ன எழுதினாய் என்று நேற்றுக் கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லுகிறேன் என்றேன். நான் அக்காவைப் பேசிய பேச்சையும் விடாமல் சொல்லுவேன்.

தங்கை
மங்கரே, ஒக்லாந்து