தலையில் தூக்கிய குடில்

ராஜா ஆண்ட சமஸ்தானம் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்தன. குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் என் கணவர் காய்ச்சலில் இறந்தார். அவர் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி அவருடைய அண்ணனைக் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியேறினேன்.

அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். கிடை போடுவது என்போம். வயல்காரர் நெல் தருவார். படுக்க, மூங்கில் வளைத்துப் பனையோலை வேய்ந்த ஒரு குடில். காலை மடக்கித்தான் படுக்கலாம். இடம் மாறும்போது தலையில் தூக்கிக்கொள்வேன். அதற்குள் படுத்த முதல் நாள், இனி யாருடைய செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து நிற்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்ததும், காலையில் எழுந்தால் குடிலைச் சுற்றிப் பனி நனைத்த மண்ணில் யாரோ நின்று பார்த்த தடம் இருந்தது. வீட்டிலிருந்து என்னோடு வந்த நாய் குரைக்கவில்லை, அதற்குத் தெரிந்த ஆள். பிறகு ஒருநாள் அந்த நாயும் வரப்போரம் வாயில் நுரையோடு கிடந்தது.

வயல்காரர் கிடையை அடுத்த வயலுக்கு மாற்றச் சொல்லி, புது ஓலையில் குடிலும் கட்டித் தந்தார். அதை முள்வேலியை ஒட்டி வைத்தேன். இற்றுப்போன பழையதை மறுநாள் பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்த இடத்திலேயே விட்டேன்.

விடிவதற்குள் ஆடுகள் மிரண்டன. பழைய குடில் எரிந்துகொண்டிருந்தது. நான் வெளியே வரவில்லை. வெளிச்சம் வந்தபின் சாம்பலைக் கிளறினேன். வாசல் இருந்த இடத்தில் முறுக்கிய கம்பி கிடந்தது. நான் கம்பி வைத்துக் கட்டியதே இல்லை. வாசலை மூடும் ஓலைத் தட்டியை வெளியிலிருந்து கட்டிவிட்டுத்தான் கொளுத்தியிருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் கணவரின் அண்ணன் நாலைந்து ஆட்களோடு வந்தார். சாவுக்கு வருகிறவர்போலத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"காட்டுல என்ன வேணாலும் நடக்கும். வீட்டுக்கு வந்துரு" என்றார்.

"இன்னைக்கு எங்கிட்டுப் படுப்பேன்னு எனக்கே தெரியாதுங்க" என்றேன்.

கம்பியை எல்லோருக்கும் முன்னால் நீட்டினேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

நிலம் கடைசிவரை கிடைக்கவில்லை. பல வருஷம் கிடையோடு திரிந்து, கீரனூர் ரோட்டோரம் சொந்தமாக இடம் வாங்கி மண்வீடு கட்டினேன். எதிரெதிராக இரண்டு வாசல் வைக்கச் சொன்னேன். அவ்வளவு சின்ன வீட்டுக்கு எதற்கு என்று கொத்தனார் கேட்டார். காற்றுக்கு என்றேன்.