ஆரஞ்சுப் பொருக்கு

எந்தச் சுவரைக் கண்டாலும் ஆய்வக அக்காவுக்கு முதலில் நகம்தான் போகும். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் இதே கதை. “காபி வர்றதுக்குள்ள அவங்க காம்பவுண்டைச் சுரண்டிட்டு வந்துடுவா” என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். குப்பி கழுவ வந்தவளுக்கு, காளானும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன் மீது எப்படியோ பித்துப் பிடித்துவிட்டது. அதிலும் காலோபிளாக்கா என்ற ஆரஞ்சு நிறப் பேரினம் என்றால் உயிர். “ஓரத்துல நகம் நுழையக் கூடாது. கல்லோட கல்லா பொருக்குத் தட்டியிருக்கணும். லென்ஸ்ல பாத்தா குட்டிக் குட்டித் தட்டு, தட்டுக்கு விளிம்பு. கடைசியா பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு. பீட்ரூட் நிறமா மாறணும். மஞ்சளா இருக்கிறதெல்லாம் இது இல்ல.” கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஒருமுறை சொட்டு விட்டுப் பார்க்காமலே, நூலகச் சுவரில் இருந்த வேறொரு மஞ்சள் பொருக்கை இதென்று பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் அளந்தும் வந்தாள். தெரிந்த அன்று தானே சிவப்பு மையில் அடித்தாள். அந்தக் கோடு இன்றும் அவளை உறுத்துகிறது.

போன வாரம் அதே சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆட்கள் வந்துவிட்டார்கள். பதினேழு வருடமாக அவள் வளர்ச்சியை அளந்துவரும் திட்டும் அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கை அகலம்கூட வராது. போனால் போனதுதான். அக்கா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“பெயின்ட் கறைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஏற்கெனவே ஒரு தடவை தப்பா எழுதினவங்கதானேம்மா நீங்க” என்றார் கல்லூரிக் கட்டட மேற்பார்வையாளர். அக்காவுக்குச் சுருக்கென்றது.

“ஒவ்வொரு திட்டுலயும் சொட்டு விடறேன். மாறலைன்னா நானே கழுவச் சொல்றேன்.”

முதல் திட்டு மாறவில்லை. “கழுவுங்க” என்றாள். இரண்டாவதும் மாறவில்லை. “இதையும் கழுவுங்க.” மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூன்றாவது அவளுடையது. ஓரத்தில் சொட்டு விழுந்த இடம் கண்ணெதிரே பீட்ரூட் நிறமானது.

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். “எதுக்கும் மேல கேட்டுட்டு வந்துடறேன்” என்று நடையைக் கட்டினார்.

“அவர் வர்றவரைக்கும் நான் சும்மா நிக்க முடியாதுக்கா” என்று தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவர் பம்பைப் போட்டார்.

“நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே” என்றாள் அக்கா. கையோடு கொண்டுவந்திருந்த முக்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, திட்டை முதுகால் மறைத்து உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.